வலிக்காத புண்

எமது பங்கைச் சேர்ந்த கிளைக்கிராமம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உபதேசியார் பணி புரிந்து வந்த பெரியவர் ஒருவர் உண்டு. ஞாயிறுதோறும் கோவில் மணியடிப்பதும், குருவானவர் வந்து சேருமுன் செபமாலையைத் தொடங்கி வைப்பதும், நோயாளிகள் எவரேனும் நற்கருணைக்குக் காத்திருந்தால் அவ்வீட்டுக்கு வழிகாட்டி அழைத்துச் செல்வதும் அவரே. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் கடைசியில், வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் திருவிழாக் கொடியேற்றத்துக்கு நாற்பது ஐம்பது பேரைத் திரட்டிக்கொண்டு, காவி உடுத்து, காலில் செருப்பின்றி, நான்கு நாள் நடந்தே சென்று சேருவார். திருப்பயணிகளைக் கோவில் முற்றத்தில் நிறுத்தி, தீர்த்தம் தெளித்து, ஆசீர் அளித்து அனுப்புவது பங்குக் குருவின் கடமை. ஐந்தாண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே செய்தேன்.

அவருக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. நீரிழிவு நோய் கண்டு பதினோராண்டுகள் ஆகியிருந்தன. இது எனக்குத் தெரியாத செய்தியன்று. உடம்பு சுகமாக இருக்கும் மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்பதும், தலை சுற்றினால் மீண்டும் தொடங்குவார் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், அந்த வெறுங்கால்களை நோக்கி ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. தீர்த்தம் தெளித்தேன், அவர்கள் மரியே வாழ்க என்று முழங்கிப் புறப்பட்டார்கள்.

திரும்பி வந்து மூன்றாம் ஞாயிறன்று, திருப்பலிக்கு முன் திருப்பொருளறையில் அவர் எனக்குத் திருவுடை எடுத்துக் கொடுத்தபோது ஒரு துர்நாற்றம் வீசிற்று. எலி ஏதேனும் செத்துக் கிடக்கிறதோ என்று நான் அலமாரியின் அடியில் பார்த்தேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "என் கால்தான் சாமி" என்றார். வேட்டியை விலக்கிக் காட்டினார். வலது குதிகாலில் ஒரு பெருங்குழி. சுற்றிலும் தோல் கறுத்திருந்தது. "ஏன் உபதேசியாரே, இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "வலியே இல்லை சாமி. வலித்தால் அல்லவா அது புண்?" என்றார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அப்புண்ணைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ஒரு அங்குல நீளமுள்ள கருவேல முள் ஒடிந்து கிடந்தது. அதன்மீது அவர் இரண்டு நாளேனும் நடந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். எலும்பு வரை சீழ் ஏறிவிட்டபடியால், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். இன்று செயற்கைக் காலுடன் நடமாடுகிறார்.

"வலித்தால் அல்லவா அது புண்" என்ற அச்சொல்லை நான் மறக்க முயன்றதில்லை. நீரிழிவு எத்தகைய நோய் என்பதனை அதனினும் சுருக்கமாக எந்த மருத்துவ நூலும் கூறிவிட முடியாது.

கணையம் செய்யும் வேலை

நாம் உண்ணும் சோறும் இட்லியும் கிழங்கும் பழமும் வயிற்றில் செரித்து, பெரும்பாலும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடம்பின் கோடானுகோடி உயிரணுக்களுக்கும் அதுவே எரிபொருள். ஆயினும், தசையும் கொழுப்பும் அச்சர்க்கரையை உள்ளே ஏற்றுக்கொள்ள வேண்டுமாயின் ஒரு திறவுகோல் தேவை. இரைப்பைக்குப் பின்புறம் கிடக்கும் கணையம் என்னும் உறுப்பு சுரக்கின்ற இன்சுலினே அத்திறவுகோல். திறவுகோல் அறவே இல்லாது போவது ஒரு வகை நீரிழிவு. பெரும்பாலும் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் திடீரென வருவது. திறவுகோல் இருந்தும் பூட்டு துருப்பிடித்துப் போவதும், பிறகு நாளடைவில் திறவுகோலே குறைந்துபோவதும் மற்றொரு வகை. நம் இல்லங்களில் பெரியவர்களிடம் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. முதல் வகைக்கு ஊசியன்றி வேறு வழியில்லை. இரண்டாம் வகைக்கு உணவும் நடையும் மாத்திரையும், தேவைப்படின் ஊசியும்.

சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டே நம் முன்னோர் இந்நோயை அறிந்தார்கள். மதுமேகம் என்று பழைய ஆயுர்வேத நூல்களும் சித்த மருத்துவமும் இதற்குப் பெயரிட்டன. இன்றும் சிலர், "எறும்பு வரவில்லையே, எனக்கேது சர்க்கரை?" என்று கேட்கக் காண்கிறேன். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே சிறுநீரகம் அதனை வெளியே கசிய விடும். ஆனால் வெறும் வயிற்றில் 126 என்ற அளவிலேயே ஒருவர் நீரிழிவுக்காரர். ஆகவே எறும்பு சாட்சி சொல்லும் வரை காத்திருப்பவர், நோய் தன் வேலையைப் பாதி முடித்த பிறகே விழித்துக்கொள்கிறார்.

அளவுகளைச் சொல்லத் தொடங்கிவிட்டேன், முடித்துவிடுகிறேன். எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து எடுக்கும் சோதனையில் 100க்குக் கீழ் இருப்பது நலம். 100 முதல் 125 வரை எச்சரிக்கைப் படி. 126ம் அதற்கு மேலும் இருந்து, மறுமுறை சோதித்தும் அவ்வாறே இருப்பின் நோய் உறுதி. எச்பிஏ1சி என்றொரு சோதனையுண்டு. அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டிக்கொடுக்கும். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து மருத்துவரை ஏமாற்றும் நம்மவர் சாமர்த்தியம் அதனிடம் பலிக்காது. அது 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் எனவும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர் எனவும் மதிப்பிட்டது. ஞாயிறு திருப்பலியில் பீடத்திலிருந்து மக்களை நோக்கும்போதெல்லாம் இவ்வெண்கள் என் நினைவுக்கு வருகின்றன. பணக்காரர் வியாதி என்று இதனைச் சொல்லிய காலம் மலையேறிவிட்டது. களையெடுக்கும் பெண்களுக்கும் வருகிறது; சுமை தூக்குவோர்க்கும் வருகிறது. உடல் மெலிந்தவரென்பதால் தப்பிவிட்டதாகவும் எண்ண வேண்டா. கை கால் மெலிந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருப்பது நம்மவர் உடலமைப்பு. ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எல்லை என்பர். தையற்காரரின் அளவு நாடா ஒன்று வீட்டிலிருந்தால் போதும்.

வலி என்னும் காவலாளி

சர்க்கரை மிகுந்த இரத்தம் ஆண்டுக்கணக்கில் ஓடும்போது, உடம்பின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் முதலில் கெடுகின்றன. விழித்திரையின் குழாய்கள் கசிந்து பார்வை மங்குகிறது. சிறுநீரகத்தின் சல்லடை ஓட்டையாகிறது. பெரிய குழாய்களில் அடைப்பு விழுந்து மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன. மாரடைப்பின் நெஞ்சுவலி கூடச் சில நீரிழிவுக்காரர்க்குத் தெரிவதில்லை. பல் ஈறு கெடுகிறது. காசநோய் பற்றும் வாய்ப்பும் இவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்; ஆகவே நெடுநாள் இருமலை அலட்சியம் செய்யலாகாது.

ஆனால் கால்களைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். உள்ளங்காலிலுள்ள நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப் போகின்றன. முதலில் எரிச்சல், பிறகு பஞ்சின்மேல் நடப்பதுபோன்ற உணர்வு, பிறகு ஒன்றுமில்லை. செருப்பு நழுவி விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்புடன் வீட்டுக்கு வருவோர் உண்டு. அவ்வாறு வந்தவரைக் கண்டு நாம் சிரித்திருக்கிறோம், சிரித்திருக்கக் கூடாது.

இவ்விடத்தில், 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்த ஓர் ஆங்கிலேய மருத்துவரை நினைவுகூர்தல் தகும். டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அந்நோயால் தாமே அழுகி உதிர்கின்றன என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அவரோ நோயாளரின் அன்றாட வாழ்வை அருகிருந்து கவனித்தார். சூடான பாத்திரத்தைப் பிடித்தபோது சுட்டது தெரியவில்லை; ஆணி குத்தியபோது குத்தியது தெரியவில்லை; அப்புண்மீதே மேலும் மேலும் நடந்தார்கள். விரல்களைத் தின்றது நோயன்று, வலியற்ற நிலையே என்று அவர் கண்டுகொண்டார். வலியை அவர் ஒரு கொடையாகவே கருதினார். பிற்காலத்தில் அமெரிக்க நாட்டிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று பணியாற்றியபோது, வேலூரில் கற்ற அதே பாடம் நீரிழிவாளர் கால்களுக்கும் பொருந்துவது தெளிவாயிற்று. மரத்துப்போன கால்களுக்கென மெத்தென்ற ரப்பர் அடித்தளம் வைத்துத் தைக்கும் எம்.சி.ஆர். செருப்பு இன்று நீரிழிவுக்காரர்க்கும் உதவுகிறது. முன்னொரு காலத்தில் அதனைத் தொழுநோயாளர் செருப்பு என்று கூறி அணிய வெட்கப்பட்டார்கள். எங்கள் உபதேசியாரும் அங்ஙனம் வெட்கப்பட்டவரே.

அவர் கால் எடுக்கப்பட்ட இரவில், நான் எனக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். அன்னையின் சந்நிதிக்கு வெறுங்காலுடன் நடப்பது பொருத்தனை. பொருத்தனையை மாற்றிக்கொடுக்கும் அதிகாரம் குருவிடம் உண்டு. அவர் கேட்டிருந்தால் நொடியில் மாற்றித் தந்திருப்பேன். அவர் கேட்கவில்லை என்பது என் தரப்பு நியாயம். நீர் ஏன் கேட்கவில்லை என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

ஊசியும் நவநாளும்

வேறொரு தாய் ஒருநாள் என்னிடம் வந்தார். அவர் மகனுக்கு வயது பன்னிரண்டு. ஒன்பது வயதிலேயே முதல் வகை நீரிழிவு கண்டு, நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் ஊசி. செபக்கூட்டமொன்றில் எவரோ, "விசுவாசம் உறுதியானால் ஊசி எதற்கு?" என்று கூறிவிட்டார்களாம். ஒன்பது நாள் நவநாள் நேர்ந்து, அந்த ஒன்பது நாளும் ஊசியை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டார். கேட்டது நல்லதாயிற்று. கேளாமல் செய்திருந்தால், இரண்டு மூன்று நாளிலேயே உடம்பு கொழுப்பை எரித்து நஞ்சாக்கி, வாந்தியும் பெருமூச்சும் கண்டு, மயக்கத்தில் அப்பிள்ளை இறந்திருப்பான்.

நான் அவருக்கு மறையுரை நிகழ்த்தவில்லை. டொராண்டோ நகரின் கதையைச் சொன்னேன். கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு நீரிழிவு வருவதை 1889ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கண்டறிந்தார்கள். ஆயினும், கணையத்திலிருந்து அம்மருந்தைப் பிரித்தெடுக்க எவராலும் முடியவில்லை. இத்தகைய பிள்ளைகளைப் பட்டினி போட்டு, சில மாதங்கள் உயிரை நீட்டுவதே அக்காலத்து மருத்துவம். எலும்பும் தோலுமாய்க் குழந்தைகள் கட்டில்களில் கிடந்தார்கள். 1921ஆம் ஆண்டுக் கோடையில் கனடா நாட்டு மருத்துவர் பிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவருடன், பேராசிரியர் மக்லியோடின் ஆய்வுக்கூடத்தில் முயன்றார். இந்தப் பாண்டிங் முதலில் இறையியல் படிக்கவே கல்லூரி சேர்ந்தவர். பின்னர் மருத்துவத்துக்கு மாறியவர். எங்களவர் ஒருவர் கை நழுவிப் போனது உலகுக்கு எத்துணை நன்மை!

1922 ஜனவரி 11ஆம் நாள், லியோனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பலன் சொற்பம், ஊசி போட்ட இடம் சீழ் வைத்தது. கொல்லிப் என்னும் வேதியியலார் இரவுபகலாக அம்மருந்தைத் தூய்மை செய்தார். 23ஆம் நாள் மீண்டும் போட்டார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கிற்று; சிறுவன் எழுந்து உட்கார்ந்தான். மேலும் பதின்மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற விலைக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். பாண்டிங் பிறந்த நவம்பர் 14, இன்று உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் குழந்தைகள் நாளும் அதுவே.

"அந்தப் பிள்ளையின் தாய் எத்தனை நவநாள் செய்திருப்பாள் அம்மா? அவள் செபத்துக்குக் கடவுள் தந்த விடைதான் உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது" என்றேன். மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக் ஞான நூலின் 38ஆம் அதிகாரம் போதிப்பதையும் எடுத்துக் காட்டினேன். அவர்கள் நவநாளும் செய்தார்கள், ஊசியும் போட்டார்கள். பையன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். பீடச் சிறுவனாகப் பூசைக்கு உதவுகிறான். சட்டைப்பையில் எந்நேரமும் மிட்டாய் வைத்திருக்கிறான். ஏன் என்று பின்னர்ச் சொல்கிறேன்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டா. ஈரமணல் நிரப்பிய மட்பானைக்குள் மற்றொரு சிறு மட்கலம் வைத்து, நிழலில், அதனுள் இன்சுலின் குப்பியைப் பாதுகாக்கலாம். உறைய மட்டும் விடக்கூடாது. உறைந்த மருந்து பயனற்றது.

பெரியவர்களின் நோயில் வேறொரு தவறு நிகழ்கிறது. மாத்திரை கூடினால் தாம் தோற்றுவிட்டதாக வருந்துகிறார்கள். ஊசி என்றாலோ, அது கடைசிக் கட்டம் என்று அஞ்சி மருத்துவரையே மாற்றுகிறார்கள். இங்கிலாந்து நாட்டில் புதிதாக நோய் கண்ட 5,102 பேரை 1977 முதல் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1998இல் ஒரு பேராய்வு வெளியாயிற்று. கணையத்தின் ஆற்றல் ஆண்டுதோறும் தேய்வது இந்நோயின் இயல்பு என்று அது காட்டிற்று. மருந்து கூடுவது நோயாளியின் குற்றமன்று. தொடக்கம் முதலே சர்க்கரையை நன்கு அடக்கி வைத்தவர்க்குக் கண்ணும் சிறுநீரகமும் குறைவாகவே கெட்டன என்றும், ஆய்வு முடிந்து பத்தாண்டுகள் கழித்தும் அந்நன்மை நீடித்தது என்றும் கண்டார்கள்.

ஒருசந்தியும் மயக்கமும்

சில ஆண்டுகளுக்கு முன் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையின்போது, பாட்டி ஒருவர் பன்னிரண்டாம் தலத்தருகே தள்ளாடினார். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. கேட்டதற்குப் பொருத்தமற்ற விடை. பக்தி மேலீட்டால் பரவசமானார் என்று அருகிலிருந்தோர் எண்ணி, விசிறினார்கள். செவிலியராகப் பணிபுரியும் கன்னியர் ஒருவர் ஓடிவந்து, சர்க்கரை கரைத்த தண்ணீரைப் பருகச் செய்தார். பத்து நிமிடத்தில் பாட்டி எழுந்து, "எத்தனையாவது தலம் ஆகிறது?" என்று கேட்டார். காலையில் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, ஒருசந்தி என்று உணவை மட்டும் விட்டிருக்கிறார்.

சர்க்கரை ஏறுவது மெல்லக் கொல்லும். இறங்குவதோ அன்றைக்கே கொல்லக்கூடும். 70க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, குழப்பம், சில வேளை சண்டைக்குணம் தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவிழந்து கிடப்பவர் வாயில் எதனையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்தப் பீடச் சிறுவனின் மிட்டாய் இதற்கே.

திருச்சபையின் சட்டம் இவ்விடத்தில் தாயுள்ளம் படைத்தது என்பதை நம்மவர் அறியவில்லை. ஒருசந்தி பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் ஐம்பத்தொன்பது வயது நிறைவடையும் வரை உள்ளவரையே கட்டுப்படுத்தும். அவர்களிலும் நோயாளர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அந்தப் பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது! நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியும் முதியோரையும் நோயுற்றோரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே சர்க்கரை இறங்கியவர் மிட்டாய் தின்ற வாயோடு திவ்விய நன்மை வாங்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் அதனைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தவக்காலத்தில் நோன்பு இருந்தே தீரவேண்டும் என்னும் ஆவலுடையோர், மருத்துவரிடம் முன்னரே கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளட்டும்; அல்லது தொலைக்காட்சித் தொடரை நாற்பது நாள் நிறுத்தட்டும். பின்னது கடினம் என்று கேள்வி.

சமையலறையில்

உணவைப் பற்றி ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டியும் தேனும் தாராளமாகக் கொள்ளலாம் என்பது தவறு. இரத்தத்தில் அவையும் சர்க்கரையே. சோற்றை விட்டுச் சப்பாத்தி தின்றால் போதும் என்பார் ஏழெட்டுச் சப்பாத்தி தின்கிறார். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் நைய அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் விரைந்து இரத்தத்தில் ஏறும். பாகற்காயும் வெந்தயமும் ஆவாரம்பூவும் சமையலில் இருப்பது நன்று. மாத்திரையின் இடத்தை அவை பிடிக்க மாட்டா. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கே சோறு என்று பரிமாறினால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் இத்தட்டு தலைகீழாக இருக்கிறது.

குடும்பத்தில் ஒருவர்க்கு நோய் என்றால், அவர்க்கு மட்டும் தனிச் சமையல் செய்து அவரைத் தனிமைப்படுத்துவதும் முறையன்று. அவ்வுணவு மற்ற அனைவர்க்கும் ஏற்றதே. தாய்க்கு நோயென்றால் நிலைமை இன்னும் மோசம். பிள்ளைகளுக்குக் காயும் மீனும் போட்டபின், மிஞ்சிய சோற்றைக் குழம்பூற்றித் தின்று முடிப்பவள் அவள். கருவுற்ற மகளிர் தவறாமல் சர்க்கரைச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அப்போது நோய் கண்டு பேறுகாலத்தின்பின் மறைந்துவிட்டாலும், பின்னாளில் அது மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி. பெண்பிள்ளைக்கு நீரிழிவு இருப்பதைத் திருமணப் பேச்சில் மறைக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். அது திருமணத் தடையன்று. மறைத்து வைத்த ஊசியோ, மணவாழ்வின் முதல் வாரத்திலேயே வழக்காகி என் முன்னே வருகிறது.

எங்களைப் போன்றோரிடமும் குற்றமுண்டு. வீடு மந்திரிக்கச் செல்லும் நாளில் பத்து வீட்டில் பத்துக் குவளை காப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டிச் சர்க்கரை! வேண்டாம் என்றால் மனம் வருந்துவார்கள் என்று நாங்கள் குடிக்கிறோம். சாமிக்குச் சர்க்கரை குறைத்தால் மரியாதைக் குறைவு என்று அவர்கள் போடுகிறார்கள். இவ்வாண்டு முதல் நான் மோர் கேட்கிறேன். எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

தென்னமெரிக்காவில் ஒரு புனிதை

நீரிழிவு நோயால் கையிழந்து, கண்ணிழந்து, பீடங்களில் வணக்கம் பெறும் புனிதை ஒருவர் இருக்கிறார் என்பது நம்மில் பலர்க்குத் தெரியாது. இத்தாலியின் திரெந்து பகுதியில் 1865இல் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் பிரேசில் நாட்டில் குடியேறியவர் புனித பவுலினா. 1890இல் ஒரு சிறு குடிசையில், கைவிடப்பட்ட புற்றுநோயாளிப் பெண்மணி ஒருவரைப் பராமரிப்பதில் தொடங்கியது அவர் நிறுவிய கன்னியர் சபை. முதுமையில் நீரிழிவு முற்றிற்று. 1938 முதல் துன்பம் மிகுந்தது. முதலில் நடுவிரலை எடுத்தார்கள், பிறகு வலது கையையே எடுத்தார்கள். கடைசி மாதங்களில் பார்வை முற்றிலும் போயிற்று. 1942 ஜூலை 9ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002 மே 19ஆம் நாள் அவரைப் புனிதராக உயர்த்தினார். மருத்துவமனையில் எங்கள் உபதேசியாருக்கு இவரது வரலாற்றைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சோதனை செய்ய இத்தனை வசதி இருந்திராது சாமி. எனக்கு இருந்தது" என்றார்.

வசதி இருப்பது உண்மையே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். விசுவநாதன் 1948ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அன்று அதற்காகப் பட்டணம் போகவேண்டும். இன்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும், சிறுநீரில் புரதத்தையும், பாதங்களையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இரவு படுக்குமுன் உள்ளங்காலை நாமே பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண் தெரியாதவர்க்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். விரலிடுக்கைத் துடைத்து உலர வைப்பதும், ஆணிக்காலைத் தாமே பிளேடால் சீவாதிருப்பதும், சுடுநீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பார்ப்பதும் செலவில்லாத மருத்துவம். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். கோவிலுக்குள் செருப்பைக் கழற்றுவது நம் மரபு. மரத்துப்போன காலுடையோர் கனத்த காலுறை அணிந்து உள்ளே வரலாம் என்று எங்கள் பங்கில் அறிவித்திருக்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள்.

சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், திருப்பயணிகளுக்கு ஆசீர் அளிக்கும் நாளன்று, கோவில் முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டு உபதேசியார் அமர்ந்திருந்தார். காவி உடுத்திய ஒவ்வொருவரையும் தம் எதிரே நிறுத்தி, "சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றவரின் பாதத்தைத் தம் மடிமேல் தூக்கி வைத்து, கண்ணை மூடச் சொல்லி, துடைப்பக் குச்சியின் நுனியால் விரல் விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று வினவினார். தெரிகிறது என்றவர்க்கும் செருப்பை மாட்டிவிட்டே அனுப்பினார். தெரியவில்லை என்ற இருவரை நடக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவர்களுள் ஒருவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் பேருந்தில் ஏறி, நடந்து போனவர்களுக்கு மூன்று நாள் முன்னதாகவே வேளாங்கண்ணி சேர்ந்து, அவர்கள் வரும்போது மோர்ப்பானையுடன் சாலையில் காத்து நின்றார்.